கேட் ‘கிளிக்’ என்றது, அவளுக்கும் ‘கிளிக்’ ஆனது: ஒரு மொழிபெயர்ப்புக் கேள்விக்குப் பதில்

கல்லூரி மலருக்காக ஒரு ஆங்கிலச் சிறுகதையைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்தடுத்த இரண்டு வாக்கியங்களில் ‘கிளிக்’ வருகிறது. முதல் வாக்கியத்தில், கேட் ‘கிளிக்’ என்று சாத்தும் சத்தம் அவளுக்குக் கேட்கிறது. அடுத்ததில், அவள் மனதுக்குள் ஏதோ ஒன்று ‘கிளிக்’ ஆகிறது. அகராதி ‘சொடுக்கு’ என்கிறது, இரண்டு இடத்திலும் அது உட்கார மாட்டேன் என்கிறது, என்ன சொல் போடலாம் என்று கேட்கிறீர்கள். நான் புரிந்துகொண்ட வரையில் உங்களுக்கு வேண்டியது வெறும் சொல் அல்ல. கதவின் சத்தத்துக்கு வைத்த பெயர் எப்படி ஒரு மனுஷிக்கு விஷயம் புரிவதற்கும் பெயரானது, அந்த உறவு தமிழில் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. அதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மதுரையிலும் சுற்றியிருக்கும் ஊர்களிலும் 31 வருடம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் நான். மொழியியல் முறையாகப் படித்தவன் இல்லை. ஆகவே இந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். சொல் எங்கே பிறந்தது என்று சொல்வதெல்லாம் அகராதிக்காரர்கள் தேடி வைத்தது.

அவர்கள் உறுதியாகச் சொல்வது இவ்வளவுதான்: இது ஒலியைப் பார்த்துப் போலச் செய்த சொல், ஆங்கில எழுத்தில் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் வரத் தொடங்குகிறது. டச்சு மொழியிலும் பழைய பிரெஞ்சிலும் ஏறக்குறைய இதே வடிவத்தில் சொற்கள் இருக்கின்றன. ஆங்கிலம் அவர்களிடம் வாங்கியதா, அல்லது எல்லோரும் ஒரே சத்தத்தைக் கேட்டு ஆளுக்கொரு பக்கம் செய்துகொண்டதா என்பது முடிவாகாத விஷயம். ஒலிச் சொற்களில் இந்தத் தகராறு எப்போதும் உண்டு. காக்கையைக் ‘கா’ என்று அழைக்க எந்த ஊர்க்காரரும் இன்னொருவரிடம் கடன் வாங்க வேண்டியதில்லையே. அமெரிக்க ராணுவத்தார் கிலோமீட்டரைக் ‘கிளிக்’ என்பார்கள், எழுத்துக்கூட்டு வேறு, கே எழுத்தில் தொடங்கும். வியட்நாம் போர்க் காலத்தில் பரவிய பேச்சு அது. அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எல்லாமே ஊகம், எதையும் நம்பி எழுதாதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ‘கிளிக்’ எந்த மாதிரிச் சத்தம் என்று வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் பெரும்பாலும் ‘சின்னச் சத்தம்’ என்பார்கள். அது போதாது. ஊசி கீழே விழுவதும் சின்னச் சத்தம்தான், அதை யாரும் ‘கிளிக்’ என்பதில்லை. இதற்காகவே மேஜை டிராயரில் ஒரு திண்டுக்கல் பூட்டு வைத்திருந்தேன். திண்டுக்கல் இங்கிருந்து 60 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. 2019இல் அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கனமான பித்தளை உடம்பு, உள்ளே லீவர் தகடுகள். சாவியைத் திருப்பினால் தகடுகள் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு மெல்ல எழும். அதுவரை விரலில் ஒரு இழுப்பு தெரியும், சத்தம் வராது. எல்லாத் தகடும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் உள்ளிருக்கும் நாக்கு நகர்ந்து வளையத்தின் வெட்டுக்குள் போய் உட்காரும், தகடுகள் திரும்ப விழும், ‘டக்’. பூட்டை ஒரு பையன் கையில் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு திருப்பச் சொல்வேன். சத்தம் எப்போது வந்தது என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள்: ‘பூட்டினப்புறம் சார்.’

அந்தப் ‘பூட்டினப்புறம்’தான் இந்தச் சொல்லின் உயிர். இரண்டு துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று சரியாகப் போய் அமர்ந்துவிட்டன, இனி அசையாது என்று சொல்கிற சத்தம் ‘கிளிக்’. பேனா மூடி, சீட் பெல்ட், டப்பா மூடி, டார்ச்சின் பொத்தான் எல்லாவற்றிலும் இதே கதைதான். இதற்குச் சாட்சியாகக் கடிகாரக் கடையைச் சொல்லலாம். சாவி கொடுக்கும் கைக்கடிகாரத்தில் முறுக்கிய சுருள் திரும்ப அவிழ்ந்துவிடாமல் பல்சக்கரத்தின் பல்லில் குத்தி நிற்கும் ஒரு குட்டித் துண்டு உண்டு. ஆங்கிலக் கடிகாரத் தொழிலில் அந்தத் துண்டுக்கே பெயர் ‘கிளிக்’. சத்தத்தின் பெயர், பிடித்து நிறுத்துகிற பொருளுக்குப் பெயராகிவிட்டது.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற அர்த்தங்கள் தானாக வரிசையில் வந்து நிற்கும். ரொம்ப நேரமாகப் புரியாத கணக்கு ஒரு நொடியில் புரிந்தால் ‘கிளிக்’: துண்டுகள் பொருந்திவிட்டன. இரண்டு பேர் சந்தித்த அன்றே பத்து வருடப் பழக்கம்போலப் பேசிக்கொண்டால் ‘கிளிக்’: இந்த அர்த்தம் ஆங்கிலத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. சாவி பூட்டுக்குள் பொருந்தும் சத்தத்திலிருந்து வந்திருக்கலாம் என்று அகராதிகள் ஒரு ‘இருக்கலாம்’ போட்டுச் சொல்கின்றன. எனக்கு அதில் பெரிய சந்தேகம் இல்லை, ஆனாலும் அவர்கள் போட்ட ‘இருக்கலாம்’ இருக்கட்டும். நாடகமோ சினிமாவோ மக்களிடம் எடுபட்டால் அதுவும் ‘கிளிக்’. நம் ஊரில் ‘படம் கிளிக் ஆகல’ என்பதை நாமே உண்டாக்கிக்கொண்ட ஆங்கிலம் என்று சிலர் நினைக்கிறார்கள், அது தவறு. ஆங்கிலேயர் பேச்சிலும் அந்த வழக்கு உண்டு.

பக்கத்து வீட்டுச் சொற்களோடு வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ‘கிராக்’ என்பது பிளவுபடுகிற சத்தம். அதனால்தான் சுவரின் விரிசலும் கிராக், மனம் உடைந்துபோவதும் கிராக். ‘டிக்’ விட்டுவிட்டுத் தொடர்வது, ஒருமுறை கேட்டால் அடுத்ததை எதிர்பார்க்க வைப்பது. ‘ஸ்னாப்’ இழுத்துப் பிடித்தது பட்டென்று தெறிப்பது. அதனால் கோபத்தில் சள்ளென்று விழுவதற்கும் அந்தச் சொல்லே. இவற்றில் ‘கிளிக்’ ஒன்றுதான் சேர்ந்து முடிகிற சத்தம். மனம் ‘கிராக்’ ஆனால் துயரம், ‘கிளிக்’ ஆனால் தெளிவு. உயிரெழுத்தும் சும்மா இல்லை. ஆங்கிலத்தில் ‘இ’ வருகிற ஒலிச் சொற்கள் சிறியதும் கூர்மையானதுமான சத்தத்துக்கு, ‘ஆ’வும் ‘ஆங்’கும் வருபவை பெரிய சத்தத்துக்கு: கிளிக், கிளாக், கிளாங் என்று உரக்கச் சொல்லிப் பாருங்கள். எட்வர்ட் சபீர் என்ற மொழியியலாளர் 1929இல் இதைச் சோதித்துப் பார்த்தார். ‘மில்’, ‘மால்’ என்று இரண்டு பொருளற்ற சொற்களைக் கொடுத்து, இரண்டும் மேஜையின் பெயர், எது பெரிய மேஜை என்று கேட்டார். பெரும்பாலோர் ‘மால்’ என்றார்கள். ஆனால் இது உலகம் முழுக்கப் பொருந்தும் விதி என்று சொல்லிவிட முடியாது. கொரிய மொழியின் ஒலிச் சொற்களில் ‘ஆ’ போன்ற உயிர்தான் சிறிய, லேசான பக்கத்தில் நிற்கிறது. ஆகவே இதை ஆங்கிலத்தின் பழக்கம் என்று வைத்துக்கொள்வதே நியாயம்.

சரி, தமிழுக்கு வருவோம். உங்கள் சிக்கல் ஆரம்பிப்பது இங்கேதான். ஆங்கிலத்தில் ஒலிச் சொல் அப்படியே வினையாகும், அப்படியே பெயராகும். கேட் ‘கிளிக்’ செய்தது, ஒரு ‘கிளிக்’ கேட்டது, இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் ஒலிச் சொல்லுக்கு ஒரு துணை வேண்டும். டக்கென்று, சடக்கென்று, படக்கென்று, களுக்கென்று: பின்னால் ஒரு ‘என்று’ வந்து, அதன் பின்னால் ஒரு தனி வினை வந்தால்தான் வாக்கியம் நிற்கும். ‘என’, ‘என்று’ ஆகியவை எவற்றோடு வரும் என்று நன்னூல் ஆறு இடங்களைச் சொல்கிறது, அதில் இசையும் (ஒலி என்று பொருள்) குறிப்பும் உண்டு. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்தது இன்று மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் ‘டக்குனு ஏறுப்பா’ என்கிற கண்டக்டர் வாயிலும் அப்படியே நிற்கிறது. அந்த ‘டக்குனு’வில் இப்போது சத்தமே இல்லை என்பதையும் கவனியுங்கள். சத்தம் போய் வேகம் மட்டும் மிஞ்சிவிட்டது. சட்டென்று, பொசுக்கென்று, வெடுக்கென்று எல்லாமே இப்படித்தான். ஆங்கிலம் ஒலியிலிருந்து செயலுக்குப் போகிறது, தமிழ் ஒலியிலிருந்து செயலின் தன்மைக்குப் போகிறது. எனவே ‘கிளிக்’ வரும் ஒவ்வொரு இடத்திலும் ‘அங்கே என்ன நடந்தது’ என்று கேட்டு அதற்கான வினையை முதலில் தேட வேண்டும். கதவு சாத்திக்கொண்டதா, தாழ் விழுந்ததா, விளக்கு எரிந்ததா? வினை கிடைத்த பிறகு ‘டக்கென்று’ வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம்.

ஆங்கிலச் சொல்லையே தமிழ்ப் பேச்சில் வைத்துக்கொண்டபோது மக்கள் அழகாக ஒரு காரியம் செய்திருக்கிறார்கள். மவுஸை ‘கிளிக் பண்ணு’ என்கிறோம், விஷயம் ‘கிளிக் ஆச்சு’ என்கிறோம். நாமாகச் செய்வதற்குப் ‘பண்ணு’, தானாக நிகழ்வதற்கு ‘ஆகு’. ஆங்கிலத்தில் இடத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டிய வேறுபாடு இங்கே காதிலேயே கேட்கிறது. ‘எனக்குக் கிளிக் ஆச்சு’ என்று நான்காம் வேற்றுமை போடுவதும் சரியான உணர்வு. புரிதல் நமக்கு வந்து சேர்வது, நாம் பிடித்து இழுப்பது அல்ல. பசியும் தூக்கமும்கூட ‘எனக்கு’த்தானே வருகின்றன.

‘சொடுக்கு’ பற்றிக் கேட்டிருந்தீர்கள். நல்ல சொல். கணினிக்கு அதைத் தேர்ந்தவர்கள் யோசித்துத்தான் தேர்ந்திருக்கிறார்கள். விரலைச் சொடுக்குகிறோம், சாட்டையைச் சொடுக்குகிறார்கள், விரலில் சொடக்கு எடுக்கிறோம். மூன்றிலும் ஒரு தெறிப்பு இருக்கிறது. மவுஸ் பொத்தானுக்கு அடியிலும் வளைந்து தெறிக்கிற ஒரு உலோகத் தகடுதான் வேலை செய்கிறது, ஆகவே பொருத்தம் இருக்கிறது. ஆனால் பாருங்கள், சொடுக்கு தெறிக்கிற சொல், பொருந்துகிற சொல் அல்ல. விரலைச் சொடுக்குவதற்குப் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘கிளிக்’ என்பார்கள், அமெரிக்காவில் ‘ஸ்னாப்’. அதாவது ‘கிளிக்’கும் ‘சொடுக்கு’ம் தொட்டுக்கொள்ளும் இடம் ஒரு சின்ன ஓரம் மட்டும். அந்த ஓரத்தைத் தாண்டி ‘அவள் மனதில் ஏதோ சொடுக்கியது’ என்று எழுதினால் படிக்கிறவருக்குச் சாட்டை ஞாபகம் வரும், உங்கள் கதைக்கு அது எதிரான உணர்ச்சி. இன்று திரையில் ‘கிளிக் செய்யவும்’ பரவிவிட்டது, செல்போனில் ‘தட்டவும்’ வந்துவிட்டது. தொடுதிரையில் அமுங்குவதற்கு ஒன்றுமே இல்லையே, தட்டுவதுதான் சரி. ஒரு விஷயம் மட்டும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2015இல் ஆப்பிள் நிறுவனம் லேப்டாப்பில் கீழே அமுங்காத ஒரு தொடுபலகையைக் கொண்டுவந்தது. அழுத்தினால் உள்ளே ஒரு சின்ன அதிர்வு மட்டும் வரும், விரலுக்கு ‘கிளிக்’ ஆனது போலவே இருக்கும். பொருள் அசையாவிட்டாலும், ‘உட்கார்ந்தது’ என்ற செய்தி கைக்கு வேண்டியிருக்கிறது.

சத்தம் போன பிறகும் சொல் நிற்பதற்குக் கேமரா இன்னொரு உதாரணம். பிலிம் காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம். கல்யாண வீட்டில் போட்டோக்காரர் ஒவ்வொரு கிளிக்கையும் எண்ணித்தான் எடுப்பார். இப்போது போன் கேமராவுக்குள் பழைய கேமராவைப் போலத் திறந்து மூடும் ஷட்டர் திரையும் இல்லை, எழும்பி இறங்கும் கண்ணாடியும் இல்லை, பதிவுசெய்த சத்தம்தான் ஒலிக்கிறது. ஜப்பானில் விற்கும் பெரும்பாலான போன்களில் அந்தச் சத்தத்தை நிறுத்த முடியாதபடி வைத்திருக்கிறார்கள், தெரியாமல் யாரும் யாரையும் படம் எடுத்துவிடக் கூடாது என்று. இங்கே ஒரு எச்சரிக்கை: ‘போட்டோ கிளிக் பண்ணுங்க’ என்பதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதுவது இந்திய ஆங்கில வழக்கு. இங்கே தவறில்லை. வெளிநாட்டு ஆங்கிலத்தில் படத்துக்கு ‘எடு’ என்ற வினைதான் வரும், நம் தமிழைப் போலவே. ரயிலுக்கும் இதே நிலைமைதான். தண்டவாள இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்குவதை ஆங்கிலத்தில் ‘கிளிக்கிட்டி கிளாக்’ என்பார்கள், நமக்கு அது ‘தடக் தடக்’. மதுரையிலிருந்து போடிக்குப் போன பழைய மீட்டர் கேஜ் வண்டியில் ஏறியவர்களுக்கு அது உடம்பிலேயே பதிந்திருக்கும். 2010 கடைசியில் அந்தப் பாதையை மூடினார்கள். அகலப் பாதையில் தேனி வரை 2022இலும் போடி வரை 2023இலும் ரயில் திரும்ப வந்தது. தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்துவிடுவதால் இப்போதெல்லாம் அந்தத் தாளம் பழையபடி கேட்பதில்லை. ஆனாலும் ரயில் விளையாட்டு ஆடும் பிள்ளை ‘தடக் தடக்’ என்றுதான் ஓடுகிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், கதைகளில் அடிக்கடி வரும். நாக்கால் செய்கிற ‘கிளிக்’. நாக்கை மேலண்ணத்தில் இரண்டு இடத்தில் ஒட்டவைத்து, நடுவில் காற்றை இழுத்து, சட்டென்று விடுவிப்பதால் வரும் சத்தம் அது. நம் கதைகளில் ‘ப்ச்’ என்று எழுதுவதும், பாவப்பட்டு உச்சுக்கொட்டுவதும் இந்த வகைதான். ஆங்கிலத்தில் இதை டி, எஸ், கே என்று மூன்று எழுத்தில் எழுதுவார்கள். பிள்ளைகள் அதை ‘டிஸ்க்’ என்று வாசிப்பார்கள், நானும் ஒவ்வொரு வருடமும் அது வாசிக்கிற சொல் இல்லை, நாக்கைக் கொட்டுகிற சத்தம் என்று சொல்வேன். ஆனால் உணர்ச்சி ஒன்றல்ல. ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் கண்டிப்பு, ‘இப்படிச் செய்யலாமா’ என்கிற மாதிரி. நம்மிடம் உச்சுக்கொட்டுவது இரக்கம், ‘ப்ச்’ சலிப்பு அல்லது ‘இல்லை’. மொழிபெயர்க்கும்போது சத்தத்தைப் பார்க்காமல் முகத்தைப் பாருங்கள். இன்னொன்று, நாக்கின் ஓரத்தால் ‘ட்ளக் ட்ளக்’ என்று மாட்டு வண்டிக்காரர் மாட்டை முடுக்குவாரே, உசிலம்பட்டிப் பக்கம் கேட்டிருப்பீர்கள். தென்னாப்பிரிக்காவில் நெல்சன் மண்டேலாவின் தாய்மொழிப் பெயரை ஆங்கிலத்தில் எக்ஸ் எழுத்தில் தொடங்கி எழுதுகிறார்கள், நாம் சோசா என்கிறோம். அந்த எக்ஸ் குறிக்கும் ஒலி ஏறத்தாழ இதுவேதான். நமக்கு மாட்டிடம் பேசுகிற சத்தம், அவர்களுக்குக் க, ச, த போல ஒரு மெய்யெழுத்து. அந்த மொழியில் இப்படி மூன்று வகை நாக்கொலிகள் உண்டு.

இனி உங்கள் வாக்கியங்கள். ‘கிளிக்’ வருகிற மற்ற இடங்களுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. படம் எடுபடவில்லை, கடை போணியாகவில்லை, முதல் நாளே ஒட்டிக்கொண்டார்கள், சட்டென்று பிடிபட்டது, அப்போதுதான் உறைத்தது: எல்லாம் இருக்கிறது. உங்களுக்குக் கஷ்டம் கொடுப்பது, எழுத்தாளர் ஒரே சொல்லை வேண்டுமென்றே இரண்டு முறை வைத்திருப்பது. கேட்டின் தாழும் அவள் மனமும் ஒரே நேரத்தில் பூட்டுகின்றன. ‘டக்கென்று கேட் சாத்தியது, அவளுக்குச் சட்டென்று புரிந்தது’ என்று எழுதினால் செய்தி வந்துவிடும், அந்த ஒட்டு போய்விடும். ஆகவே ஒலியை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் போகிற ஒரு வினையைத் தேட வேண்டும். எனக்கு இரண்டு தோன்றின. முதலாவது ‘தட்டு’: ‘கேட்டின் கொக்கி தட்டும் சத்தம் கேட்டது. அவளுக்கும் அப்போதுதான் பொறி தட்டியது.’ படிக்க லகுவாக இருக்கிறது, தமிழ் ஆள் யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் ‘பொறி’ நெருப்புச் சங்கதி, திடீர் வெளிச்சம், அதில் பூட்டு இல்லை. இரண்டாவது ‘விழு’: ‘கேட்டில் தாழ்ப்பாள் விழுந்தது. அவளுக்குள்ளும் ஏதோ ஒன்று டக்கென்று அதன் இடத்தில் போய் விழுந்தது.’ இது கொஞ்சம் நீளம், முதல் வாசிப்பில் ஒரு நொடி நிற்க வைக்கும். அந்த இடத்தில் அவளும் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நொடி நின்றுதான் யோசிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் நானாக இருந்தால் இரண்டாவதை எடுப்பேன். கதையில் அடுத்த பத்தி ஓட்டமாகப் போகிறது என்றால் ‘பொறி தட்டியது’ போடுங்கள். அடுத்த பத்தியையும் இங்கே எழுதினால் எது பொருந்தும் என்று சேர்ந்து பார்க்கலாம்.